முதல் 25 நாள்: மயில், அணில், வெள்ளாட்டிடமிருந்து நாற்றைக் காப்பாற்றும் வழி

2019 ஆடிப்பட்டத்துக்கு 42 தக்காளி நாற்று நட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு நட்டு, தண்ணீர் விட்டு, கை கழுவிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தால் பாத்தியில் நின்றது பதினொன்று. மற்றதில் பாதி வேரோடு பிடுங்கி அப்படியே கிடந்தது. மீதிக்குத் தண்டு மட்டும் இருந்தது, தலை இல்லை.

"கோழி வேலைதான் புள்ள" என்றார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு ஆத்தா "அணிலு அம்மிணி" என்றார். நான் எலி என்று நினைத்து அன்றைக்கே சந்தையில் எலிப்பெட்டி வாங்கிவந்து, சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டி வைத்தேன். மூன்று பேர் சொன்னதும் தப்பு.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். நான் தையல்காரி. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம், சுற்றிக் கிளுவை வேலி, அதைத் தாண்டினால் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். பக்கத்துக் காட்டில் மேய்கிற வெள்ளாடு, தென்னையில் அணில், வேலியடியில் பெருச்சாளி என்று சின்ன இடத்துக்கு வேண்டிய அளவு விருந்தாளிகள் உண்டு. பல வருசம் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பெரிய வயல்காட்டுக்கு இது ஆகாது. பன்றி, குரங்கு, யானை வருகிற ஊர்க்காரர்களுக்கும் இது போதாது.

முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

எலிப்பெட்டி மூன்று நாள் காலியாகவே கிடந்தது. நான்காம் நாள் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். இருட்டுகிற நேரத்தில் பாத்தியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மாவை மெல்லிசாகத் தூவினேன். அரிசி மாவு வேண்டாம், எறும்பும் எலியும் அதற்கே வந்துவிடும். கல்மாவு நல்லது. அடுப்புச் சாம்பல் இருந்தால் அதுவும் போதும். காற்று அடங்கின பிறகு தூவ வேண்டும். எங்கள் பக்கம் ஆடிக்காற்று என்றால் அம்மியைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

விடிந்து பார்த்தால் மாவில் வரிசையாகச் சூலம் சூலமாக விழுந்திருந்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் குட்டையாக ஒன்று, என் உள்ளங்கை அளவு. கோழிக்கால் அதில் பாதிதான் இருக்கும். மயில்.

அன்றிலிருந்து எந்தச் சேதம் என்றாலும் முதலில் மாவு, பிறகுதான் மருந்தும் வலையும். ஆனால் மாவு தூவாமலே செடியைப் பார்த்தும் ஓரளவு சொல்லிவிடலாம். பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் பறவை. சின்னதாகக் குழி தோண்டி, பக்கத்தில் விதைத்தோல் கிடந்தால் அணில். இலை பிய்ந்து, ஓரம் கந்தலாக இருந்தால் ஆடு. அதற்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, கடித்து இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். கத்தரியால் சாய்வாக வெட்டின மாதிரி சுத்தமாக இருந்தால் முயல். செடி காலையில் வாடித் தொங்கி, தொட்டால் கையோடு வந்து, அடியில் வேர் இல்லாமல் பொந்து இருந்தால் பெருச்சாளி. இலையில் ஓட்டை விழுந்து, காய்ந்த பசை மாதிரி மினுமினுப்பாக ஒரு கோடு ஓடினால் நத்தை.

ஒன்றை மட்டும் விலங்கு மேல் போட்டுவிடாதீர்கள். நாற்று தரையோடு அறுந்து, அறுந்த தலை பக்கத்திலேயே வாடிக் கிடந்தால் அது வெட்டுப்புழு. செடியைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்கு விரலால் கிளறினால் சுருண்டு கிடப்பான்.

கொசுவலைக் கூடாரம்

மயிலை அடிக்கவோ, பொறி வைக்கவோ, முட்டையைத் தொடவோ கூடாது. 1963-லிருந்து தேசியப் பறவை. 1972-ஆம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்தால் ஜெயில். அதை விடுங்கள், சிவன்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து அவர் வண்டியைத் திட்டுகிற ஊர் எங்களுடையது. அதனால் மறைப்புக் கட்டுவது ஒன்றுதான் வழி. அதுவும் வருசம் முழுக்க வேண்டியதில்லை. தக்காளி நாற்று பறித்து நட்ட பிறகு வேர் பிடித்து, தண்டு பென்சில் கனம் ஆகி, முழங்கால் உயரத்துக்கு வருகிறவரை காவல் இருந்தால் போதும். என் தோட்டத்தில் அதற்கு ஏறக்குறைய 25 நாள் ஆகிறது. அதற்குப் பிறகு நாலு இலையைக் கொத்தினாலும் செடி தழைத்துக்கொள்ளும். மிளகாய் இன்னும் பத்து நாள் கேட்கும்.

பாத்தியின் அகலம் மூன்று அடி, நீளம் பத்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குல வயரிங் பைப் பத்து அடி நீளத்தில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பாதியாக அறுத்தால் ஐந்து அடித் துண்டு இரண்டு. பாத்தியின் இரு ஓரத்திலும் இரண்டரை அடிக்கு ஒன்றாக ஓர் அடிக் கம்பியை எதிரெதிராக அடியுங்கள். பாதி மண்ணுக்குள் போகட்டும். அந்தக் கம்பிகளில் பைப்பின் இரண்டு முனையையும் சொருகி வளைத்தால் மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி நிற்கும். பத்து அடிக்கு ஐந்து வளைவு, அதாவது மூன்று பைப். அரைப் பைப் மிச்சம். உச்சியில் ஐந்து வளைவையும் ஒரே கயிற்றால் கோத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும். எங்கள் பக்கம் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கட்டுவதற்கு அதைவிட நல்ல நாடா கிடையாது. இழுபடும், ஆனால் தண்டை அறுக்காது.

மேலே போர்த்த நான் எடுப்பது பழைய கட்டில் கொசுவலை. ஆறுக்கு ஆறரை அடிக் கட்டிலின் வலையில் மேற்கூரையைப் பிரித்து எடுத்துவிட்டால், சுற்றுச்சுவர் மட்டும் 25 அடி நீளத் துணியாக வரும். நமக்கு வேண்டியது 14 அடி நீளம், ஆறு அடி அகலம். வலையில் சுவர் உயரம் ஐந்து, ஐந்தரை அடிதான் இருக்கும். குறைகிற அகலத்துக்குப் பழைய பாலியஸ்டர் சேலையைக் கிழித்து நாலு ஓரத்திலும் பட்டை வைத்துத் தைத்துவிடுங்கள். இந்தப் பட்டைதான் கூடாரத்துக்கு உயிர். அதை இரண்டு அங்குலக் குழாயாக மடித்துத் தைத்து, ஓர் அடிக்கு ஒரு தையல் குறுக்கே போட்டு, ஒவ்வொரு அறையிலும் காய்ந்த மணலை அடைத்து மூடுங்கள். பாவாடையில் நாடாக் கோர்க்க மடிப்போமே, அதே வேலை.

மணல் எதற்கு என்றால், முதல் வருசம் வலை ஓரத்தில் செங்கல் வைத்தேன். ஆடிக்காற்று இரண்டு செங்கலுக்கு நடுவே புகுந்து வலையைத் தூக்க, மயில் அந்த இடைவெளியில் கழுத்தை விட்டு, எட்டின மட்டும் தின்றுவிட்டுப் போயிற்று. மணல் ஓரம் தரையின் மேடுபள்ளத்துக்குத் தகுந்த மாதிரி படிந்து உட்கார்ந்துவிடும். அறை அறையாகத் தைக்காவிட்டால் மணல் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரை வலைக்கு மேலேயே பூவாளியால் விடலாம். சித்திரை வெயிலில் மட்டும் இதை நாள் முழுக்க மூடி வைக்காதீர்கள், உள்ளே புழுங்கி நாற்று துவண்டுவிடும். காலை ஒன்பது மணிக்கு ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, நாலு மணிக்கு இறக்குங்கள். மயில் பெரும்பாலும் விடிகாலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான் மேய வரும், நடுப்பகலில் நிழலில் படுத்திருக்கும்.

ஐந்தாறு செடிதான் என்றால் இத்தனை பாடு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, நாற்றுக்குச் சட்டைக் காலர் மாதிரி மாட்டி, இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்கிவிடலாம். வெட்டுப்புழுவுக்கும் சேர்த்து இது காவல். மூடியோடு முழுப் பாட்டிலைக் கவிழ்க்கும் படங்களைக் குளிர்தேசத்துக்காரர்கள் போடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் மதியத்துக்குள் நாற்று வெந்துவிடும்.

சேலை வேலி

கூடாரம் பாத்திக்கு. தோட்டத்துக்கே ஒரு மறைப்பு வேண்டுமென்றால் பழைய சேலை. காட்டில் நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் சேலை கட்டியிருப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி கோடையில் இலை கொட்டி எலும்பாக நிற்கும். அதற்குள் கோழி, மயில்குஞ்சு, ஆட்டுத்தலை எல்லாம் புகும். என் மூன்று சென்ட்டில் ஒரு பக்கம் வீட்டுச்சுவர், மீதி மூன்று பக்கம் சேர்ந்து 108 அடி. சேலை 18 அடி. ஆறு சேலையில் முடிந்தது. தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமலே போனவை என்னிடம் அதற்கு மேலேயே இருந்தன.

பருத்திச் சேலை ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும், பாலியஸ்டர்தான் நிற்கும். ஐந்தடிக்கு ஒரு குச்சி நட்டு, மேலும் கீழும் இரண்டு கயிறு இழுத்து, சேலையைக் கயிற்றின் மேல் மடித்து ஓட்டுத்தையல் போடுங்கள். சும்மா முடிச்சுப் போட்டால் காற்று கிழித்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் மயில் இறங்கத் தயங்கும் என்பது நான் பார்த்தது. தயங்கும், அவ்வளவுதான். தெரிந்த மயில் சுவரேறிப் பார்த்துவிட்டுக் குதிக்கும். அதற்காகச் சேலையின் உயரத்துக்கு மேலே, தோட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடிக்கு ஒரு சணல் கயிறு கட்டினேன். சிறகை விரித்து இறங்க இடம் இல்லாமல் போனது.

சிடி தொங்கவிடுவது, பளபளக்கும் ரிப்பன் கட்டுவது, சோளக்கொல்லைப் பொம்மை எல்லாம் நானும் செய்தேன். முதல் இரண்டு நாள் அதிசயமாக இருக்கும். ஐந்தாம் நாள் என் பொம்மைக்குப் போட்டிருந்த சட்டையின் தோளில் மயில் உட்கார்ந்திருந்தது. பயம் காட்டுகிற எதையும் தினம் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பலன் தரும். அந்த வேலைக்குக் கூடாரமே மேல்.

நைலான் வலை வேண்டாம்

மீன்வலை மாதிரி இருக்கும் நைலான் வலை மலிவு, எல்லாக் கடையிலும் தொங்குகிறது. 2020-இல் அவரைப் பந்தலுக்குக் கீழே அதைத்தான் சுற்றிவிட்டேன். தரையில் ஓர் அடி சும்மா குவிந்து கிடந்தது. ஒரு நாள் காலை அந்தக் குவியலுக்குள் ஆறடிச் சாரைப்பாம்பு. முன்னே போகப் போக வலை இறுகி, மூன்று இடத்தில் செதிலுக்குள் நூல் ஏறியிருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைப்பக்கம் சாக்கைப் போட்டுப் பிடித்துக்கொள்ள, மற்றவர் "அக்கா, சின்னக் கத்தரி இருந்தாக் குடுங்க" என்றார். நூல் நறுக்கும் கத்தரியைக் கொடுத்தேன், இரண்டு விரலுக்குள் அடங்குமே அது. செதிலுக்கும் நூலுக்கும் நடுவே நுனியை விட்டு விட்டு, ஒவ்வொரு கண்ணியாக இருபது நிமிடம் நறுக்கினார். நான் ஜாக்கெட் கையைப் பிரிக்கும்போதுகூட அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. வலைத் துண்டு முழுக்க நீங்கினதும் பாம்பைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனார்கள்.

எலி பிடிக்கிற பாம்பை நானே வலை போட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த வருசம் பெருச்சாளி எங்கள் வீட்டில் பொங்கல் கொண்டாடியது. கண்ணி பெரிதாக, தொளதொளவென்று கிடக்கும் எந்த வலையையும் தரையைத் தொடவிடாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விறைப்பாக இழுத்து, கீழ் ஓரம் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நிற்கட்டும், அந்த ஒரு முழத்துக்குக் கம்பிவலை வையுங்கள். பாம்பு சிக்கினால் சாரையா நாகமா என்று நீங்களே முடிவு செய்யப் போகாதீர்கள். தீயணைப்புக்கு 101.

வேலியில் வீட்டுக் கரண்ட் கொடுப்பதைப் பற்றி ஒரே வரி: ஆள் செத்திருக்கிறார்கள், குற்றம், செய்யாதீர்கள்.

அணில்

அணிலுக்கு நாற்றைவிட விதை மேல்தான் கண். பூசணி, சுரை, பீர்க்கு, அவரை நட்ட அன்றே தோண்டிவிடும். புதிதாகக் கிளறின மண்ணைப் பார்த்தாலே அதற்குத் தெரிந்துவிடுகிறது. நான் இப்போது விதையை நேராக மண்ணில் போடுவதில்லை. இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, மூன்று நாலு நாளில் முளை எட்டிப்பார்த்ததும் தேங்காய்த் தொட்டியில் மண் நிரப்பி ஊன்றி, சன்னல் கம்பிக்கு உள்பக்கம் வைத்துவிடுகிறேன். இரண்டு நிஜ இலை விட்ட பிறகு குழிக்குப் போகும். அதற்குள் விதைப்பருப்பு கரைந்து போயிருக்கும், அணிலுக்கு அங்கே வேலை இல்லை.

நேராகத்தான் ஊன்ற வேண்டுமென்றால் ஓட்டை விழுந்த மாவுச்சல்லடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல். தென்னைநார்க் கழிவு நிரப்பின பைகளில் கூடு கட்ட நார் எடுக்க வந்து நாற்றைச் சாய்த்துவிட்டுப் போவதும் உண்டு. மேலே ஒரு விரல் கனம் கூழாங்கல் பரப்பினால் வராது.

பூனையும் கோழியும் பதமான மண்ணைத் தேடித்தான் வரும். வெட்டிப் போட்ட கிளுவைக் குச்சியை முள்ளோடு நாற்றுக்கு நடுவே படுக்கப் போட்டால் முடிந்தது. களை எடுக்கும்போது உங்கள் கையையும் அது குத்தும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாடு

ஆட்டுக்காரப் பெரியம்மாவிடம் சண்டைக்கே போனேன். "ஏனம்மிணி, வெள்ளாட்டு வாய்க்குப் பூட்டா போட முடியும்? நீதான் வேலிய அடைக்கோணும்" என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஆனால் அவரேதான் மருந்தும் சொன்னார்: பச்சைச் சாணியைக் கரைத்து, துணியில் வடிகட்டி, விளக்கமாற்றால் இலை மேல் தெளி. சாணி வாசம் அடிக்கிற இலையை ஆடு முகர்ந்துவிட்டு விலகிவிடுகிறது. மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கு மட்டும் இது. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் சாணி தெளித்துவிடாதீர்கள், அதன் இலையைத்தான் நாம் தின்கிறோம். வேலியிலிருந்து இரண்டடி தள்ளி முதல் வரிசையை நட்டால் சந்தில் தலையை விட்டாலும் எட்டாது.

பெருச்சாளி

இதுதான் கடினமான ஆள். கொசுவலையைப் பல்லால் ஒரு நிமிடத்தில் கிழிக்கும். எலிக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கறம்பியே ஆக வேண்டும். அதனால் துணியும் பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்தான் வேண்டும். பாத்தியைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கம்பிவலையை இறக்கி, அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். தோண்டிக்கொண்டு வருகிறவன் மடிப்பில் முட்டி நிற்பான். வலைக்கு அடியில் போக இன்னும் வெளியே தள்ளித் தோண்ட வேண்டும் என்கிற யோசனை அதற்கு வருவதில்லை. புதிதாகப் பாத்தி கட்டுகிறவர்கள் மண் நிரப்பும் முன்பே அடியிலும் பக்கத்திலும் மெஷ் விரித்துவிட்டால் தீர்ந்தது. எனக்கு அந்தப் புத்தி இரண்டாவது பாத்திக்குத்தான் வந்தது.

எலிமருந்து வைக்காதீர்கள். செத்த எலியைத் தின்று எங்கள் தெருவில் ஒரு நாய் போயிற்று. ஆந்தையும் அப்படித்தான் போகும். தோட்டத்தில் டி வடிவக் குச்சி ஒன்றை ஏழெட்டு அடி உயரத்துக்கு நட்டு வையுங்கள், ராத்திரியில் ஆந்தை வந்து உட்காரும். எலிப்பெட்டிக்குச் சுட்ட தேங்காயைவிடக் கருவாடு மேல். பெட்டியை மூன்று நாள் திறந்தபடியே விட்டு, தின்று பழகவிட்டு, நான்காம் நாள் கொக்கியை மாட்டுங்கள்.

நத்தைக்கு ஐப்பசி மழையில் ஈரச் சாக்கை இரவு விரித்து வைத்து, காலையில் புரட்டினால் அடியில் சேர்ந்திருக்கும். கையுறையோடு பொறுக்குங்கள், பெரிய ஆப்பிரிக்க நத்தையில் ஒட்டுண்ணி இருக்கலாம். உப்பைப் பாத்தியில் கொட்டினால் நத்தையோடு மண்ணும் கெடும்.

எடுப்பது

25 நாள் ஆனதும் கூடாரத்தை ஒரே நாளில் உருவிவிடாதீர்கள். உள்ளே வளர்ந்த இலை மெல்லிசாக இருக்கும். முதல் இரண்டு நாள் சாயங்காலம் மட்டும் திறங்கள், மூன்றாம் நாள் காலையும் சேர்த்து, நான்காம் நாள் முழுக்க. சுரை, பீர்க்குக்குக் கூடாரம் போட்டிருந்தால் பூ வருமுன் கட்டாயம் எடுத்தாக வேண்டும், வலைக்குள் தேனீயோ பூச்சியோ வராது, பிஞ்சு வெம்பி விழும்.

வலையை அலசி, மணல் ஓரத்தை நன்றாகக் காயவிட்டு, தையல் சாக்பீஸால் மூலையில் பாத்தி அளவை எழுதிவிடுங்கள். பரணில் மடித்து வைக்க வேண்டாம். நான் ஒரு வருசம் வைத்தேன். அடுத்த ஆடிக்கு எடுத்துப் பிரித்தபோது உள்ளே சுண்டெலி ஐந்து குட்டி போட்டிருந்தது, வலையில் பதினேழு ஓட்டை. இப்போது கொட்டகையில் கம்பிக்கொடி கட்டி அதில் தொங்கவிடுகிறேன்.